காசிமேட்டுக்கு வகுப்பே போகிறது: சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடலாமா?

தண்டையார்பேட்டை அப்பா (திங்கள், இரவு 9.20)

என் மகள் வடசென்னையில் ஒரு மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். இன்று அவள் பையில் ஒரு சம்மதக் கடிதம் இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை வகுப்புப் பிள்ளைகளை ராயபுரம் ரயில் நிலையத்துக்கும் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கும் அழைத்துப் போகிறார்களாம். பெற்றோர் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். நான் போடவில்லை.

காரணத்தை மறைக்காமல் சொல்கிறேன். என் அம்மா முப்பது வருடமாகக் காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்துத் தெருவில் உட்கார்ந்து விற்கிறவர். அந்தக் காசில்தான் நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தேன். நான்காம் வகுப்பில் "இவன் பக்கத்தில் உட்கார மாட்டேன், வாடை அடிக்கிறது" என்று எழுந்து போன பையனின் முகம் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. என் மகள் வாரத்தில் இரண்டு நாள் பாட்டியோடு அந்தத் துறைமுகத்துக்குப் போகிறாள். அவளுக்கு அங்கே புதிதாகக் காட்ட என்ன இருக்கிறது? வீட்டில் கிடைக்காததைக் காட்டத்தானே பள்ளிக்கூடம்? எழும்பூர் அருங்காட்சியகத்தில் திமிங்கலத்தின் எலும்புக்கூடு இருக்கிறது. கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கம் இருக்கிறது. பணம் கட்டிப் படிக்கிற பிள்ளைகள் அங்கெல்லாம் போகிறார்கள். எங்கள் பிள்ளைகள் மட்டும் மீன் கூடையைப் பார்க்கப் போக வேண்டுமா?

மூன்றாம் வகுப்பு டீச்சர் (திங்கள், இரவு 10.05)

ஐயா, அந்தக் கடிதத்தை எழுதியவள் நான்தான். உங்கள் மகள் யார் என்பதும் எனக்குப் புரிகிறது. இங்கே பெயர் வேண்டாம்.

இந்தத் திட்டம் எனக்கு எப்படித் தோன்றியது என்று சொல்கிறேன். வகுத்தல் கணக்கை இரண்டு வாரமாக நடத்திக்கொண்டிருந்தேன். புளியங்கொட்டை வைத்துப் பார்த்தேன், குச்சி வைத்துப் பார்த்தேன், பாதிப் பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை. ஒரு நாள், "24 மீன் இருக்கிறது, ஒருவருக்கு எத்தனை?" என்று கேட்டேன். உங்கள் மகள் எழுந்து, "டீச்சர், அப்படிக் கேட்கக் கூடாது. முதலில் எத்தனை கூறு போட வேண்டும் என்று சொல்லுங்கள்" என்றாள். அதுவரை என் வகுப்பில் அவள் வாயே திறந்ததில்லை. கரும்பலகைக்கு வந்து ஆறு வட்டம் போட்டாள். ஒவ்வொரு வட்டத்திலும் ஒவ்வொரு மீனாக வரைந்துகொண்டே போனாள். பெரியது ஒரே கூறில் சேர்ந்துவிடாமல் எப்படிப் பிரித்து வைப்பது என்பதையும் சொன்னாள். மதியத்துக்குள் வகுப்பு முழுவதும் "கூறு" என்றே பேசியது. நான் இரண்டு வாரம் போராடிய பாடம் அது.

மறு வாரம் நாட்காட்டிப் பாடம். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை என்று சொல்லி, எத்தனை நாள் என்று கேட்டேன். ஏப்ரலில் 16, மே மாதத்தில் 31, ஜூனில் 14. கூட்டி 61 என்று சொன்னார்கள். "அந்த 61 நாளும் படகுக்காரர்கள் என்ன செய்வார்கள்?" என்று ஒரு பையன் கேட்டான். அவனுடைய அப்பா இரும்புப் பட்டறையில் வேலை செய்கிறவர், அவன் துறைமுகத்தைப் பார்த்ததே இல்லை. கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு பார்த்ததில்லை! அன்று இரவே கடிதத்தை எழுதினேன்.

புது வண்ணை அம்மா (திங்கள், இரவு 10.40)

டீச்சர், என் மகனும் உங்கள் வகுப்புதான். ஊர் சுற்றுவது எந்த இடத்துக்கு என்பது எனக்கு முக்கியம் இல்லை. அவனுக்கு வாசிக்க வரவில்லை. "எண்ணும் எழுத்தும்" திட்டத்தில் பிள்ளைகளைக் கற்கும் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறீர்கள். மூன்றாம் வகுப்புக்கு வந்தும் அவன் அரும்பில்தான் இருக்கிறான். ணகரம், னகரம், நகரம் மூன்றும் அவனுக்கு ஒன்றுதான். அப்படி இருக்கும்போது ஒரு முழு நாளை எடுத்துத் துறைமுகத்துக்குக் கொடுப்பதா?

போன மாதம் பால் பாக்கெட் கொண்டுவரச் சொன்னீர்கள். ஆவின் நீல நிறப் பாக்கெட், அரை லிட்டர், இரண்டு சேர்ந்தால் ஒரு லிட்டர். வந்து சொன்னான், சந்தோஷம். ஆனால் அதை என் சமையலறையிலேயே என்னால் சொல்லிக்கொடுக்க முடியும். எழுத்தைத்தான் என்னால் சொல்லிக்கொடுக்க முடியாது. நான் தெலுங்கு வழியில் படித்தவள். இதையே கைபேசியில் வாயால் சொல்லி, எழுத்தாக வந்ததும் பக்கத்து வீட்டுப் பெண்ணைத் திருத்தச் சொல்லி அனுப்புகிறேன். எனக்குத் தெரியாததைக் கொடுப்பதற்குத்தான் அவனைப் பள்ளிக்கு அனுப்புகிறேன்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் (செவ்வாய், காலை 6.15)

தங்கை சொன்னதை யாரும் லேசாகக் கடந்துபோக வேண்டாம்.

நான் மாநகராட்சிப் பள்ளிகளில் முப்பத்தோரு வருடம் வேலை செய்தவன். செயல்வழிக் கற்றல் 2003இல் முதலில் 13 மாநகராட்சிப் பள்ளிகளில்தான் தொடங்கியது, பிறகுதான் தமிழ்நாடு முழுவதும் போனது. பாய் விரித்துப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தோம். அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகையை இறக்கினோம். ஒவ்வொரு பிள்ளையும் தன் அட்டையைத் தானே எடுத்து, தன் வேகத்தில் கற்றல் ஏணியில் ஏறியது. அதை நான் இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளை அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்துப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும் பார்த்திருக்கிறேன். செயல்பாடு கலகலப்பாக நடக்கும்போது அந்தப் பிள்ளை நம் கண்ணிலிருந்து தப்பிவிடும்.

சுற்றுலாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு வருடம் ஐந்தாம் வகுப்பை வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு அழைத்துப் போனேன். திரும்பி வந்ததும் கட்டுரை எழுதச் சொன்னேன். "நாங்கள் வண்டலூர் சென்றோம். புலியைக் கண்டோம். மகிழ்ச்சி அடைந்தோம்" என்று நானே பலகையில் எழுதிப் போட்டேன். நாற்பது நோட்டிலும் அதே மூன்று வரி. ஒரே ஒரு பையன் மட்டும் புலியை விட்டுவிட்டு, வழியில் எத்தனை மேம்பாலம் ஏறி இறங்கினோம், எதன்மேல் போகும்போது ரயில் தெரிந்தது என்று ஒரு பக்கம் எழுதியிருந்தான். எழுத்துப்பிழை நிறைய. சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அதன் பிறகு அவன் ஒரு வரிகூடச் சொந்தமாக எழுதவில்லை. அந்தக் கோட்டை அழிக்க எனக்கு வழி தெரியவில்லை.

துறைமுக ஐஸ் வேலையாள் (செவ்வாய், பகல் 1.30)

நான் காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறவன். படிப்பைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை, இடத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

டீச்சர், ஏலம் மும்முரமாக நடப்பது விடிவதற்கு முன்னால். பத்து மணிக்குப் பிள்ளைகள் வந்தால் கழுவிவிட்ட தரையையும் மிச்சக் கூடைகளையும்தான் பார்ப்பார்கள். ஏலத்தைக் காட்ட வேண்டும் என்று இருட்டில் அழைத்து வந்தால் அது ஆபத்து. தரை முழுவதும் ஐஸ் தண்ணீரும் மீன் செதிலும் கிடக்கும். பின்னால் வருகிற சின்ன லாரிக்காரனுக்கு இடுப்பு உயரப் பிள்ளை தெரியாது. பெட்டியை இழுக்கக் கொக்கி வைத்திருப்போம், வேகத்தில் திரும்பினால் யார் மேல் படும் என்று சொல்ல முடியாது. பழகிய நானே இரண்டு முறை விழுந்திருக்கிறேன். இருபது முப்பது பிள்ளைகளுக்கு இரண்டு பெரியவர்கள் போதவே போதாது.

மீன்பிடித் தடைக் காலத்தில் வாருங்கள். விசைப்படகு எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். மரவேலை, பெயிண்ட் அடிப்பது, வலையில் கிழிசல் பார்ப்பது என்று எல்லாம் நிதானமாக நடக்கும். பையன் கேட்டானே, 61 நாளும் என்ன செய்வார்கள் என்று, அதற்குப் பதிலும் அங்கேயே கிடைக்கும்.

திருவொற்றியூர் தேரடி (செவ்வாய், இரவு 8.10)

நான் கல்லூரியில் படிக்கிறேன். இதே பகுதியில் மாநகராட்சிப் பள்ளியில் படித்தவள். தண்டையார்பேட்டை அண்ணா சொல்வதில் பாதியை நான் வேறு காரணத்துக்காக ஆதரிக்கிறேன்.

பன்னிரண்டு வயது வரை நான் தங்கசாலை பஸ் நிலையத்தைத் தாண்டியதில்லை. பிறகு ஒரு போட்டிக்காக எழும்பூர் போனபோது அருங்காட்சியக வாசலில் நின்றேன். உள்ளே போக டிக்கெட் வாங்க வேண்டும் என்று தெரியும், பணமும் கையில் இருந்தது. ஆனாலும் அது எங்களைப் போன்றவர்களுக்கான இடம் இல்லை என்று நானே முடிவுசெய்துகொண்டு திரும்பிவிட்டேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. 1851இலிருந்து திறந்திருக்கிற பொது இடம் அது. எட்டு வயதில் ஒரு டீச்சர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போயிருந்தால் அந்த வாசலில் நான் தயங்கியிருக்க மாட்டேன்.

பக்கத்தில் இருப்பதிலிருந்து கற்றுக்கொள்வது நல்லதுதான் டீச்சர். ஆனால் பக்கத்தில் இருப்பது மட்டுமே எங்களுக்கு என்று ஆகிவிடக் கூடாது. விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது 2021இல். தலைக்கு மேலே அந்த ரயில் போவதைப் பார்த்தும் அதில் ஒரு முறைகூட ஏறாத பிள்ளைகள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள்.

ஒரு தகவல்: எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வேறு நாள் பாருங்கள்.

தண்டையார்பேட்டை அப்பா (செவ்வாய், இரவு 9.45)

டீச்சர், கூறு போட்ட கதையை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். என் மகள் அதை எங்களிடம் சொல்லவே இல்லை. கேட்டதற்கு, "நீ மீன் பேச்சு பேசக் கூடாது என்பாயே அப்பா" என்றாள். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

ஆனாலும் கையெழுத்துப் போட மாட்டேன். அவள் பேசியது உங்கள் வகுப்பறையில், தானாக எழுந்து. அங்கே அவள் கொடுக்கிறவள். ஏலத் திடலில் வகுப்புப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு என் அம்மாவின் கூடையைச் சுற்றி நிற்கும்போது அவள் வேடிக்கைப் பொருள். ஒரு பிள்ளை முகத்தைச் சுளித்தால் போதும், வருடக் கடைசி வரை அவளுக்கு அது போதும். உங்களால் தடுக்க முடியாது டீச்சர். என் டீச்சராலும் முடியவில்லை.

மூன்றாம் வகுப்பு டீச்சர் (புதன், அதிகாலை 5.30)

ஐயா, நீங்கள் சொன்ன இந்த வித்தியாசத்தை நான் யோசிக்கவே இல்லை. இடத்தைத்தான் யோசித்தேன், அங்கே உட்கார்ந்திருப்பவரை யோசிக்கவில்லை. உங்கள் அம்மாவிடம் கேட்காமல் அவர் வேலை செய்கிற இடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துவர முடிவுசெய்தது என் தவறு.

துறைமுகத்தை வெள்ளிக்கிழமைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுகிறேன். ஐஸ் வேலை செய்யும் அண்ணன் சொன்னபடி ஏப்ரலில் பார்க்கலாம், அப்போதும் எல்லாப் பெற்றோரும் ஒப்புக்கொண்டால்தான். ராயபுரம் ரயில் நிலையத்துக்கு மட்டும் போகிறோம். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்ட இடம். அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது, மின்சார ரயில் இன்னும் நின்று போகிறது. இதைப் போய்ச் சாதாரண இடம் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம்.

புது வண்ணை அம்மாவுக்கு: உங்கள் மகன் அரும்பிலேயே இருப்பதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். காலை உணவு முடிந்து மணி அடிக்கும்வரை தினமும் இருபது நிமிடம் அவனையும் இன்னும் மூவரையும் என் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்க வைக்கிறேன். நாளையிலிருந்தே. நிலையத்தில் அவனுக்கு என்று ஒரு வேலை: பெயர்ப் பலகையில் உள்ள தமிழ் எழுத்துகளை எல்லாம் தேடிப் பார்த்து எழுதிக்கொண்டு வர வேண்டும். அவசரம் இல்லை, எவ்வளவு நேரம் ஆனாலும் நிற்போம்.

புது வண்ணை அம்மா (புதன், காலை 7.50)

இருபது நிமிடம் போதாது. அரை மணி நேரம் வேண்டும். அவனை முன்னதாகவே கொண்டுவந்து விடுகிறேன்.

வெள்ளிக்கிழமை நானும் கூட வருகிறேன். சாதாரணப் பேருந்தில் எங்களுக்கு டிக்கெட் இல்லை, சீருடையில் இருந்தால் பிள்ளைகளுக்கும் இல்லை. இன்னும் இரண்டு அம்மாக்களிடம் கேட்டிருக்கிறேன். நடைமேடையில் பிள்ளைகள் மஞ்சள் கோட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறோம்.

திருவொற்றியூர் தேரடி (புதன், பகல் 12.20)

எழும்பூரை மறந்துவிடாதீர்கள் டீச்சர். அடுத்த மாதம், வெள்ளி தவிர எந்த நாளாக இருந்தாலும் கல்லூரிக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு நான் வருகிறேன். வாசலில் டிக்கெட்டைப் பிள்ளைகளே வாங்க வேண்டும், அது ஒன்றுதான் என் நிபந்தனை.

தண்டையார்பேட்டை அப்பா (புதன், இரவு 10.15)

ராயபுரத்துக்கு மட்டும் என்றால் கையெழுத்துப் போடுகிறேன். கடிதம் நாளை பையில் வரும்.

இன்னொரு சேதி. இங்கே எழுதியதை எல்லாம் மகள் பாட்டிக்குப் படித்துக் காட்டிவிட்டாள். எனக்குத் தெரியாது. அம்மா என்னைக் கூப்பிட்டு, "உனக்கு வெட்கம் என்றால் அது உன்னோடு இருக்கட்டும். எனக்கு ஒன்றும் இல்லை" என்றார். சத்தம் போடவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். பிறகு, "ஐஸ் தண்ணீரில் பிள்ளைகளை எதற்கு இழுத்தடிக்க வேண்டும்? நானே பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். செவுள் பார்ப்பது, கண் பார்ப்பது, எது நேற்றைய மீன், எது இன்றைய மீன் என்று காட்டுகிறேன். அழைத்தால் வருவேன்" என்றார்.

டீச்சர், நீங்கள் அழைப்பீர்களா? இருபத்தெட்டுப் பிள்ளைகள் என்று மகள் சொன்னாள். கவளை மீன் எடுத்து வருகிறாராம். நான்கு கூறு போடுவதா, ஏழு கூறு போடுவதா என்று கேட்டுச் சொல்லச் சொன்னார்.

மூன்றாம் வகுப்பு டீச்சர் (புதன், இரவு 10.22)

அழைக்கிறேன் ஐயா. நாளை பள்ளி விட்டதும் நானே வீட்டுக்கு வந்து அம்மாவை நேரில் அழைக்கிறேன். ஏழு கூறு போடட்டும். கூறுக்கு எத்தனை மீன் என்று அவர் சொல்ல வேண்டாம், பிள்ளைகள் சொல்லட்டும்.