எல்எல்விஎம்மோடு மல்லுக்கட்டிய குமரி மாவட்டக்காரர்களே, உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

வேளிமலை:

நம்ம மாவட்டத்தில் கம்பைலர் (நிரலை இயந்திரம் ஓட்டும் வடிவுக்கு மாற்றும் கருவி) வேலை பார்க்கிறவர்கள் ஓரளவு இருக்கிறோம். கழக்கூட்டம் டெக்னோபார்க்குக்கு இரணியலிலும் குழித்துறையிலும் ரயிலேறிப் போய் வருகிறவர்கள், வீட்டிலிருந்தே வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை செய்கிறவர்கள், கல்லூரியில் பாடம் எடுக்கிறவர்கள். எல்எல்விஎம்மில் (கம்பைலர் கட்டுவதற்கான திறந்த மூலத் தொகுப்பு) ஏதாவது உடைந்து அதைத் தேடிப்பிடித்த கதையோ, புதிதாக ஒன்றைச் சேர்த்த கதையோ இருந்தால் இங்கே எழுதுங்கள். என்ன பிழைச் செய்தி வந்தது, முதலில் எதைச் சந்தேகப்பட்டீர்கள், காரணம் கடைசியில் எங்கே இருந்தது என்ற தடத்தோடு எழுதுங்கள். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அந்தத் தடம்தான் வேண்டும். தமிழில் அது கிடைப்பதே இல்லை.

என்னுடையதை முதலில் வைக்கிறேன். முழு எண் வகுத்தல் வரும் இடத்திலெல்லாம், வகுக்கும் எண் பூஜ்யமா என்று பார்க்கும் சோதனையை நுழைக்கிற ஒரு பாஸ் (நிரலைப் படித்து மாற்றும் ஒரு கட்டம்) எழுதினேன். தனி பிளக்இன்தான், எல்எல்விஎம் மூல நிரலைத் தொடவில்லை. பாஸ்களை ஓட்டும் ஆப்ட் கருவி அதை ஒழுங்காக ஏற்றிக்கொண்டது. பிழை எதுவும் இல்லை. ஆனால் வெளியே வந்த ஐஆரில் (எல்எல்விஎம்மின் இடைநிலை நிரல் வடிவம்) ஒரு எழுத்துகூட மாறவில்லை. பாஸின் முதல் வரியிலேயே ஏதாவது அச்சிடு என்று போட்டால் அதுவும் வரவில்லை. பெயர் பதிவாகவில்லை என்றால் ஆப்ட் உடனே சத்தம் போடும், அதுவும் இல்லை.

பாஸ் மேனேஜரின் பதிவை இயக்கிப் பார்த்தபோது விடை ஒரே வரியில் இருந்தது: என் பாஸைத் தாண்டிப் போய்விட்டதாம், காரணம் 'ஆப்ட்நன்' பண்பு. எல்எல்விஎம்மின் சி கம்பைலரான கிளாங்கை ஓ-பூஜ்ய நிலையில் (ஆப்டிமைஸ் இல்லாமல்) ஓட்டி ஐஆர் எடுத்தால் ஒவ்வொரு ஃபங்ஷன் மீதும் "இதை ஆப்டிமைஸ் செய்யாதே" என்ற அந்த முத்திரை விழுந்துவிடுகிறது. கட்டாயப் பாஸ் என்று அறிவிக்காத ஃபங்ஷன் பாஸ்கள் எல்லாம் அந்த ஃபங்ஷனைத் தொடாமல் போய்விடும். இதற்கு இரண்டு வழி உண்டு. ஓ-1 கொடுத்து, எல்எல்விஎம் பாஸ்களை மட்டும் அணைத்துவிட்டு ஐஆர் எடுக்கலாம். இல்லையென்றால் நம் பாஸில் 'கட்டாயம்' என்று திருப்பித் தரும் ஃபங்ஷனை எழுதலாம். சோதனை நுழைக்கும் பாஸ் எந்த நிலையிலும் ஓடியாக வேண்டியது என்பதால் நான் இரண்டாவதை எடுத்தேன். வேகம் கூட்டுவதற்கான பாஸில் அதைச் செய்யக் கூடாது என்பது என் கருத்து. ஆப்டிமைஸ் வேண்டாம் என்று கேட்டவருடைய விருப்பத்தை மீறுவதாகிவிடும்.

அதே பிளக்இன்னை நானே பில்ட் செய்த எல்எல்விஎம்மில் ஏற்றினால் வேறு தொல்லை: 'டைப்இன்ஃபோ' ஏதோ ஒன்றைக் காணவில்லை என்று லோடு ஆகும்போதே விழுந்தது. உபுண்டு தொகுப்பில் ஓடியது இங்கே ஏன் ஓடவில்லை? எல்எல்விஎம்மை நாமே பில்ட் செய்தால் ஆர்டிடிஐ (ஓடும்போது பொருளின் வகையைச் சொல்லும் சி++ வசதி) அணைந்தே இருக்கும். அது தன் வகைச் சோதனைக்குச் சொந்தமாக ஒரு முறை வைத்திருக்கிறது. உபுண்டு, டெபியன் தொகுப்புகளிலோ ஆர்டிடிஐ இயங்கும் நிலையில் வருகிறது. பிளக்இன்னையும் ஆர்டிடிஐ இல்லாமல் கம்பைல் செய்ததும் சரியாகிவிட்டது. எல்எல்விஎம்மின் சிமேக் (பில்ட் அமைக்கும் கருவி) கோப்பே எந்த நிலையில் பில்ட் ஆனது என்பதை ஒரு மாறியில் சொல்கிறது. அதைப் படித்து அதன்படி நடக்கும்படி பிளக்இன்னின் சிமேக்கை எழுதிவிட்டால் இந்தத் தொல்லை திரும்ப வராது.

குழித்துறை:

அண்ணே, நான் பாஸ் வரைக்கும் வரவில்லை, பில்ட் பற்றி மட்டும் சொல்கிறேன். ஜூன் மழையிலும் ஐப்பசி மழையிலும் இங்கே கரண்ட் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பேட்டரி போன டெஸ்க்டாப்பில் பில்ட் பாதியில் நின்றால் பெரிதாகக் கவலை இல்லை, பில்டை ஓட்டும் நிஞ்சா விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் ஒருமுறை கரண்ட் வந்தபின் தொடர்ந்தபோது, லிங்க் செய்யும் (கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும்) இடத்தில் கோப்பின் வடிவம் புரியவில்லை என்று விழுந்தது. லிங்கரை மாற்றினேன், பலன் இல்லை. பில்ட் அடைவில் பார்த்தால் சில ஆப்ஜெக்ட் கோப்புகளின் அளவு பூஜ்யம். கோப்பு உண்டாகிவிட்டது, உள்ளடக்கம் வட்டில் இறங்குவதற்குள் கரண்ட் போய்விட்டது. நிஞ்சாவுக்கு அது முடிந்த வேலை. பூஜ்ய அளவுக் கோப்புகளை மட்டும் தேடி அழித்துவிட்டு மறுபடி நிஞ்சாவை ஓட்டினேன், முடிந்தது. முழு பில்டையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

8 ஜிபி ரேம் உள்ளவர்களுக்கு: டீபக் பில்ட் வேண்டாம். ரிலீஸ் பில்ட், அதோடு அசர்ஷன் (உள் சரிபார்ப்பு) இயக்கம், இலக்கு எக்ஸ்86 மட்டும், லிங்கர் எல்எல்டி, ஒரே நேரத்தில் ஒரு லிங்க் வேலைக்கு மேல் ஓடாதபடி கட்டுப்பாடு. இவ்வளவு இருந்தால் சாதாரண லேப்டாப்பே போதும்.

வேளிமலை:

அந்த அசர்ஷனை யாரும் விட்டுவிடாதீர்கள், மக்களே. அது இல்லாத பில்டில் ஒவ்வொரு பகுதியின் உள் பதிவையும் தனியாக இயக்கிப் பார்க்கும் வசதியே கிடையாது. ஒரு இன்ஸ்ட்ரக்ஷனை அழிக்கும்போது இன்னொருவர் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தால், அசர்ஷன் உள்ள பில்ட் அந்த இடத்திலேயே நிறுத்தி, யார் பிடித்திருக்கிறார் என்று காட்டும். இல்லாத பில்ட் எங்கோ போய், சம்பந்தமில்லாத ஒரு ஃபங்ஷனில் விழும்.

கோட்டாறு:

நான் கல்லூரியில் கம்பைலர் பாடம் எடுக்கிறேன். எங்கள் மாணவர்கள் எல்எல்விஎம்மின் கலைடோஸ்கோப் (சிறு மொழி ஒன்றுக்குக் கம்பைலர் எழுதும்) பயிற்சியை எடுத்து, அதில் தமிழ்ச் சொற்களால் நிரல் எழுத முடிகிற மாதிரி விரிக்கிறார்கள். இதில் சந்தித்தவை வேறு மொழிக்காரர்கள் எழுதிய எந்தக் குறிப்பிலும் எனக்குக் கிடைக்காதவை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் தடை லெக்சர், அதாவது நிரலைச் சொல் சொல்லாகப் பிரிக்கும் பகுதி. பயிற்சியில் உள்ளது ஒரு பைட் எடுத்து, அது எழுத்தா என்று சி நூலகத்தின் ஃபங்ஷனிடம் கேட்கிறது. யுடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட். அவற்றில் எதையுமே சி-யின் வழக்கமான அமைப்பு எழுத்து என்று ஒப்புக்கொள்ளாது. அதனால் 'க' ஒரு பெயராக வராமல் மூன்று அறியாத டோக்கன்களாக வரும். 127க்கு மேற்பட்ட பைட் எதுவானாலும் பெயரின் பகுதி என்று ஏற்பது பயிற்சி அளவுக்குப் போதும். முறையாகச் செய்ய வேண்டுமானால் யுனிகோட் பெயர் விதிகளைப் பார்க்க வேண்டும். அந்த விதிகளில் நம் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் பெயரின் நடுவில் வரலாம், தொடக்கத்தில் வர முடியாது. நமக்கு அது இயல்பாகவே பொருந்துகிறது.

இரண்டாவதுதான் எங்களைச் சுற்றவிட்டது. ஒரு மாணவி 'தொகை' என்று ஒரு மாறியை அறிவித்து, கீழே அதே 'தொகை'யைப் பயன்படுத்தியிருந்தாள். கம்பைலரோ அப்படி ஒரு மாறியே தெரியாது என்றது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. பெயர்களை வைத்திருக்கும் குறியீட்டு அட்டவணையைச் சந்தேகப்பட்டோம், ஸ்கோப் (பெயர் செல்லும் எல்லை) கையாளும் பகுதியைச் சந்தேகப்பட்டோம். ஐஆரை அச்சிட்டுப் பார்க்கலாம் என்றால், ஆஸ்கிக்கு வெளியே உள்ள பெயர்களை எல்எல்விஎம் மேற்கோளுக்குள் பைட் பைட்டாகப் பதினாறடிமான எண்களில்தான் எழுதும். படிக்கக் கஷ்டமான அந்த வடிவம்தான் கடைசியில் கை கொடுத்தது. கிடைத்த ஒரு பெயர் 12 பைட், லெக்சர் அச்சிட்ட இன்னொன்று 15 பைட்.

'தொ'வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் அடுத்தடுத்து வைத்து இரண்டு குறியீடாகவும் எழுதலாம். யுனிகோட் இரண்டையும் சமம் என்றே கொள்கிறது. ஆனால் பைட்டை ஒப்பிடும் குறியீட்டு அட்டவணைக்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். அந்த மாணவி மேல் பாதியை விசைப்பலகையில் அடித்திருந்தாள், கீழ்ப் பாதியை வேறொரு கோப்பிலிருந்து எடுத்து ஒட்டியிருந்தாள். லெக்சர் பெயரை எடுத்ததும் ஐசியு என்ற யுனிகோட் நூலகத்தைக் கொண்டு, சமமானவற்றை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டு அட்டவணைக்கு அனுப்பினோம், ஒகரம், ஓகாரம் இரண்டும் தீர்ந்தன.

ஔகாரம் மட்டும் அப்படித் தீராது. கொம்பு போட்டுப் பின்னால் 'ள' என்ற எழுத்தையே அடித்துவிடுகிறவர்கள் உண்டு. அதை யுனிகோட் சமம் என்று சொல்வதில்லை, அதனால் என்எஃப்சி அதைத் தொடாது. அதைத் தானாகத் திருத்தவும் கூடாது என்று முடிவு செய்தோம், ஏனென்றால் 'கெளுத்தி' போன்ற சொல்லில் கொம்புக்குப் பின் 'ள' முறையாகவே வருகிறது. தெரியாத பெயர் என்று பிழை வரும்போது, ஔகாரம் போட்டுப் பார்த்தால் அட்டவணையில் இருக்கிறதா என்று தேடி, "இதையா சொன்னீர்கள்?" என்று கேட்கிற மாதிரி வைத்திருக்கிறோம். அந்தப் பகுதியை மாணவர்களே எழுதினார்கள். எனக்கு அதில் பெருமை உண்டு.

குழித்துறை:

டீச்சர், இதை ஒரு தனிக் கட்டுரையாகவே எழுதுங்கள்.

முப்பந்தல்:

மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான திருவனந்தபுரம் சி-டாக் உருவாக்கிய வேகா செயலி வரிசையில் தேஜஸ்32 சிப் வைத்த ஏரிஸ் போர்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. ரிஸ்க்-ஃபைவ் (திறந்த இன்ஸ்ட்ரக்ஷன் தொகுப்பு), 32 பிட். அடிப்படைத் தொகுப்போடு பெருக்கல், வகுத்தல் நீட்சி மட்டும் உண்டு. அவர்கள் தரும் கருவிகளை விட்டுவிட்டு கிளாங்கில் கம்பைல் செய்து ஓட்டிப் பார்க்க ஆசை.

நிரல் தொடங்கியதுமே டிராப், அதாவது சிப் இன்ஸ்ட்ரக்ஷன் புரியாமல் நின்றது. 32 பிட் ரிஸ்க்-ஃபைவில் இயங்குதளம் இல்லாத இலக்குக்கு கிளாங் தானாக எடுத்துக்கொள்ளும் தொகுப்பில் சுருக்க இன்ஸ்ட்ரக்ஷனும் அணு இன்ஸ்ட்ரக்ஷனும் சேர்ந்தே இருக்கின்றன. இந்தச் சிப்புக்கு அவை தெரியாது. தொகுப்பைச் சரியாகக் குறிப்பிட்டேன். இப்போது கொஞ்ச தூரம் ஓடி, தசம எண் பெருக்கல் வரும் இடத்தில் மறுபடி டிராப். என் ஆப்ஜெக்ட் கோப்புகளைப் பிரித்துப் பார்த்தால் எல்லாமே நான்கு பைட் இன்ஸ்ட்ரக்ஷன், குறை இல்லை. லிங்க் ஆன முழுக் கோப்பைப் பிரித்துப் பார்த்தபோது நடுவில் இரண்டு பைட் இன்ஸ்ட்ரக்ஷன்கள் தெரிந்தன. தசம எண்ணுக்கு வன்பொருள் இல்லாததால் கம்பைலர் துணை நூலகத்தைக் கூப்பிடுகிறது, அந்த நூலகம் சுருக்க நீட்சியோடு பில்ட் ஆனது. லிங்கர் இதைப் பிழையாகச் சொல்லாது, இரண்டு பக்கத்துத் தொகுப்பையும் ஒன்றாக்கிக் குறித்துக்கொள்ளும். எல்எல்விஎம்மின் துணை நூலகமான கம்பைலர்-ஆர்டியின் அடிப்படைப் பகுதியை அதே தொகுப்புக்கு நானே பில்ட் செய்து இணைத்ததும் ஓடியது. லிங்க் ஆன கோப்பின் பண்புப் பகுதியைப் படித்தாலே இது தெரிந்துவிடும். போர்டில் ஏற்றும் முன் இப்போது அதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

விரிப்பது பற்றியும் சொல்ல வேண்டும். சிமுலேட்டரில் புதிய இன்ஸ்ட்ரக்ஷன் ஒன்றைச் சேர்த்தேன். ரிஸ்க்-ஃபைவ் நம்மைப் போன்றவர்களுக்கென்றே சில ஆப்கோடுகளை ஒதுக்கி வைத்திருக்கிறது. எல்எல்விஎம்மின் விவரிப்பு மொழியான டேபிள்ஜென்னில் இன்ஸ்ட்ரக்ஷன், அதற்கான நீட்சிப் பெயர், ஒரு இன்ட்ரின்சிக் (ஐஆரிலிருந்து அதைக் கூப்பிடும் உள்ளமை ஃபங்ஷன்), இரண்டையும் இணைக்கும் பேட்டர்ன் எல்லாம் எழுதியாயிற்று. அசெம்ப்ளர் ஏற்றது, ஆனால் ஐஆரை இயந்திர நிரலாக்கும் எல்எல்சி "தேர்ந்தெடுக்க முடியவில்லை" என்று நின்றது. பேட்டர்னையே திரும்பத் திரும்பப் பார்ப்பது இங்கே வீண். பேட்டர்ன் சரிதான், அது சார்ந்திருக்கும் நீட்சியை எல்எல்சி கட்டளையில் இயக்கவில்லை. இன்ஸ்ட்ரக்ஷன் தேர்வின் பதிவை இயக்கினால் எந்த நிபந்தனையில் தள்ளுபடி ஆனது என்று படிப்படியாகத் தெரியும். புதிதாகச் செய்கிறவர்கள் பேக்எண்டைத் (சிப்புக்கான நிரலை உண்டாக்கும் பகுதியை) தொடும் முன் அசெம்ப்ளரின் 'இன்சன்' வழிமுறையால் குறியீட்டை நேரடியாகப் பதித்துச் சோதித்துக்கொள்ளுங்கள். சிமுலேட்டர் பக்கம் சரி என்று உறுதியானால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறையும்.

கொளச்சல்:

எம்எல்ஐஆர் (பல நிலை ஐஆர்களைக் கட்டும் எல்எல்விஎம் துணைத் திட்டம்) ஆட்கள் யாரும் எழுதவில்லையா? சரி, நான் எழுதுகிறேன். நான் எழுதிய பாஸ் நம் டயலெக்டிலிருந்து ('ஆப்' எனும் செயல்களும் வகைகளும் சேர்ந்த தொகுதி) எண் கணக்குக்கான அரித் டயலெக்டுக்கு மாற்றும். சில கோப்புகளில் சுத்தமாக ஓடும், சிலவற்றில் "இந்த ஆப் இந்தச் சூழலில் தெரியாது, டயலெக்ட் ஏற்றப்படாமல் இருக்கலாம்" என்று செத்துப்போகும். வித்தியாசம் இதுதான்: ஓடிய கோப்புகளில் அரித் ஆப் ஏற்கெனவே ஒன்றாவது இருந்தது, பார்சர் அதைப் படிக்கும்போதே டயலெக்டை ஏற்றிவிட்டது. பாஸ்கள் பல ஃபங்ஷன்கள் மீது ஒரே நேரத்தில் ஓடுவதால் நடுவில் டயலெக்ட் ஏற்ற எம்எல்ஐஆர் அனுமதிக்காது. பாஸ் உண்டாக்கப்போகும் டயலெக்டுகளை முன்கூட்டியே சார்பு என்று அறிவிக்க வேண்டும். அதனால் சோதனைக் கோப்பில் வெளியீட்டு டயலெக்டின் ஆப் ஒன்றுகூட இல்லாதபடி ஒரு சோதனையைக் கட்டாயம் வையுங்கள்.

மாற்றம் முடிந்தபின் வகை மாற்றும் காஸ்ட்கள் மிச்சம் நிற்கிற பிரச்சினைக்கு, அவற்றைச் சேர்த்து நீக்கும் பாஸைக் கடைசியில் ஓட்டிப் பாருங்கள். அப்படியும் நின்றால் எங்கோ ஒரு ஆப் இன்னும் பழைய வகையையே கேட்கிறது என்று பொருள். காஸ்ட்டை யார் பயன்படுத்துகிறார் என்று பார்த்தால் அந்த ஆப் அகப்படும்.

பேச்சிப்பாறை:

நான் இன்ஸ்ட்காம்பைன் என்ற எளிமையாக்கும் பாஸில் ஒரு சிறிய எளிமையாக்கம் சேர்க்கப் போனேன். ஒரு எண்ணோடு ஒரு மாறிலியைக் கூட்டி, அதோடு இன்னொரு மாறிலியைக் கூட்டினால், இரண்டு மாறிலியையும் முதலிலேயே கூட்டிவிடலாம். இரண்டு கூட்டலிலும் 'குறியுள்ள மிகைப்பு வராது' என்ற கொடி இருந்தால் புதிய கூட்டலிலும் அதைப் போடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். மாற்றம் சரியா என்று சோதிக்கும் அலைவ்2 கருவி அதற்கு எதிர் உதாரணம் காட்டியது. 8 பிட்டில் -100 எடுங்கள். 100 கூட்டினால் 0, இன்னொரு 100 கூட்டினால் 100, எங்கும் மிகைப்பு இல்லை. முதலிலேயே 100ஐயும் 100ஐயும் கூட்டினால் 200, அது 8 பிட்டில் -56 ஆகிறது. -100ஓடு -56ஐக் கூட்டினால் -128ஐத் தாண்டிவிடுகிறது. கொடி பொய்யாகி, மதிப்பு பாய்சன் (நம்ப முடியாத மதிப்பு) ஆகிவிடும். மாறிலிகளின் கூட்டல் மிகைக்காதபோது மட்டும் கொடியை வைத்துக்கொள்ளலாம். எல்எல்விஎம்மில் ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது, அதைப் படித்த பிறகு அந்தச் சின்ன நிபந்தனை எதற்கு என்று புரிந்தது.

கொளச்சல்:

அக்கா, பேட்ச் அனுப்பினால் எவ்வளவு நாள் காத்திருப்பது? என்னுடையது ஒன்று பதிலே இல்லாமல் கிடக்கிறது.

பேச்சிப்பாறை:

ஒரு வாரம் கழித்து மரியாதையாக நினைவூட்டலாம், எல்எல்விஎம் விதிகளே அதைச் சொல்கின்றன. யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இப்போது எல்லாம் கிட்ஹப் புல் ரிக்வெஸ்ட்தான், 2023 செப்டம்பரிலிருந்து. அனுப்பும்போது சோதனையைத் தனி கமிட்டாக முதலில் வையுங்கள், இன்றைய வெளியீடு அதில் இருக்கட்டும். அடுத்த கமிட்டில் உங்கள் மாற்றத்தையும் மாறிய வெளியீட்டையும் வையுங்கள். பார்ப்பவருக்கு எது மாறுகிறது என்று ஒரே பார்வையில் தெரியும். அலைவ்2 இணைப்பையும் விளக்கத்தில் போடுங்கள். கோப்பு பெரிதாக இருந்தால் எல்எல்விஎம்-ரெட்யூஸ் கொண்டு சுருக்கிவிடுங்கள். உங்களுடையது எந்தப் பகுதி? எம்எல்ஐஆர் என்றால், அந்த அடைவில் அண்மையில் யார் கமிட் செய்திருக்கிறார்கள் என்று பார்த்து அவர்களையே ரிவ்யூவுக்குக் கேளுங்கள்.