பொத்தான், பொத்தான், பொத்தான்

திருப்பூரிலிருந்து

பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். எனக்குப் பார்வை முழுவதும் இல்லை. 2005 வாக்கில், கம்ப்யூட்டர் திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் ஜாஸ் என்ற ஸ்க்ரீன் ரீடரைக் கற்றுக்கொண்டபோது உரிமம் வாங்கக் காசில்லை. உரிமம் இல்லாத ஜாஸ் 40 நிமிடம் பேசும். அப்புறம் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தால்தான் மறுபடி வாயைத் திறக்கும். 35-ஆவது நிமிடத்தில் எல்லாவற்றையும் சேமித்துவிடும் பழக்கம் அப்போது வந்தது, இன்னும் போகவில்லை. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006-இல் தொடங்கிய என்விடிஏ என்ற இன்னொரு ரீடர் கையில் கிடைத்த பிறகுதான் நிம்மதி. காசும் கிடையாது, பென் டிரைவில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எந்த விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் உட்காரலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் நாங்கள் பில் போடும் மென்பொருள் பிரவுசருக்கு மாறியது. பழையதில் எல்லாமே கீபோர்டுதான், விரல் தன்னால் ஓடும். புதியதில் வரிசையாகப் படம் போட்ட பொத்தான்கள். மற்றவர்களுக்கு அது பிளாப்பி படம், குப்பைத்தொட்டிப் படம். எனக்கு "பொத்தான், பொத்தான், பொத்தான்". டேப் கீயைத் தட்டி எண்ணி வைத்துக்கொண்டேன்: ஏழாவது சேமிப்பு, எட்டாவது அழிப்பு. நான்கு மாதம் இப்படியே ஓட்டினேன்.

ஒரு திங்கட்கிழமை, முன்னால் இருந்த பொத்தானில் ஒன்றைத் தூக்கிவிட்டார்கள். யாரும் சொல்லவில்லை. ஏழாவது குப்பைத்தொட்டி ஆகிவிட்டது. "உறுதியா?" என்று ஒரு பெட்டி கேட்டது. சேமிப்பதற்குத்தான் கேட்கிறது என்று என்டர் தட்டினேன். சாயப்பட்டறை பார்ட்டி ஒருவரின் ஒரு மாதத்து பில் மொத்தமும் போயிற்று. "ஏனுங்க, வெள்ளிக்கிழமை வரைக்கும் நல்லாத்தானுங்க பண்ணிட்டு இருந்தீங்க?" என்றார் முதலாளி. கோபமாகக்கூட இல்லை, அதுதான் இன்னும் சுருக்கென்றது. பக்கத்து சீட்டு அம்மிணி பில் புக்கைப் படிக்கப் படிக்க, ராத்திரி எட்டரை வரைக்கும் திரும்ப அடித்தேன்.

ஸ்க்ரீன் ரீடர் திரையைப் பார்த்துப் படிக்கிறது என்று முதலாளி நினைத்துக்கொண்டிருக்கிறார். 1990-களில் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. விண்டோஸ் திரையில் எழுத்தை வரையும்போது ரீடர் நடுவில் புகுந்து, என்ன வரைகிறார்கள் என்று பிடித்துச் சொல்லும். 1997-இல் மைக்ரோசாஃப்ட் வேறு வழி கொண்டுவந்தது: "நான் பொத்தான், என் பெயர் சேமி" என்று மென்பொருளே சொல்ல வேண்டும், ரீடர் கேட்டு வாசிக்கும். வலைப்பக்கங்களுக்கு இதே வேலையைச் செய்யும் ஏரியா (ARIA) விதிகள், வலைத்தளங்களுக்குத் தரம் வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாகவே 2014-இல் வந்துவிட்டன. பேரே வைக்காத பிள்ளையை நான் என்ன சொல்லிக் கூப்பிட?

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

ஈரோட்டிலிருந்து

நான் அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. எனக்கு பொத்தான் பிரச்சினை குறைவு, சுற்றறிக்கைதான் தலைவலி. ஒரு காலத்தில் ஆளுக்கொரு எழுத்துருவில் அடிப்பார்கள். கண்ணுக்குத் தமிழ், உள்ளே வெறும் ஆங்கில எழுத்து. ரீடர் அதை அப்படியே உளறும். எல்லோருக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறையைத் தமிழ்நாடு அரசு 2010-இல் ஏற்றபோது விடிந்தது என்று நினைத்தேன். இப்போது யூனிகோடில் அழகாக அடித்து, அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து படமாக அனுப்புகிறார்கள்! என்விடிஏ "கிராஃபிக்" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்கிறது. போனில் ஏஐயிடம் காட்டினால் படித்துச் சொல்கிறது, உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் ஒருமுறை 17-ஆம் தேதிக் கூட்டத்தை 11 என்று சொல்ல, நான் பூட்டிய அறை வாசலில் நின்றேன். தெரியவில்லை என்று சொல்லியிருந்தால்கூட யாரையாவது கேட்டிருப்பேன். இது தெரிந்த மாதிரியே அல்லவா சொல்கிறது!

குரலைப் பற்றியும் ஒரு வார்த்தை. விண்டோஸில் வள்ளுவர் என்ற தமிழ்க் குரல் இருக்கிறது, மனிதக் குரல் போலவே இருக்கும். கேட்பவர்கள் எல்லாம் அதைத்தான் பாராட்டுவார்கள். நான் சுற்றறிக்கைக்கு ஈஸ்பீக் என்ற இன்னொரு தகரக்குரலைத்தான் ஓடவிடுவேன், வேகம் அதில்தான். கதைக்கு மட்டும் வள்ளுவர்.

பொள்ளாச்சியிலிருந்து

தேங்காய் வியாபாரம். புது வங்கிக் கணக்கு தொடங்க ஒரு செயலியைப் போனில் இறக்கினேன். போனில் இருக்கும் ரீடர் டாக்பேக் ஒவ்வொரு எழுத்தையும் மணி மாதிரிப் படித்தது. கடைசிப் படியில், ஆள் நிஜம்தானா என்று பார்க்க, "கண்ணைச் சிமிட்டுங்கள்" என்றது. எனக்கு இரண்டுமே செயற்கைக் கண்ணுங்க. ரீடர் பேரில் ஒரு குற்றமும் சொல்ல மாட்டேன், அது தெளிவாகத்தான் சொன்னது! இதே சிமிட்டல் விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரை போய், 2025 ஏப்ரல் 30-இல் டிஜிட்டல் வசதியை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பும் வந்தது. நான் பஸ் ஏறிக் கிளைக்கே போய்க் கைநாட்டு வைத்துவிட்டு வந்தேன். கையெழுத்துப் போடத் தெரியும் என்று சொல்லியும் கேட்கவில்லை, அது தனிக்கதை.

கரூரிலிருந்து

ரீடரே மாறும்போது படும் பாட்டை யாரும் சொல்லவில்லையே? என்விடிஏ 2019.3 பதிப்பில் பைத்தான் 3 என்ற நிரல்மொழிக்குப் போனபோது, திருத்தாத பழைய ஆட்-ஆன் (ரீடரோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் வசதி) எல்லாம் ஒரே நாளில் நின்றன. இப்போதும் வருடத்தின் முதல் பதிப்பு வந்தால், ஆட்-ஆன் நின்றுவிடுமோ என்று ஒரு மாதம் தொடமாட்டேன். செமஸ்டர் நேரம் என்றால் கேட்கவே வேண்டாம்.

கோயம்புத்தூரிலிருந்து

எனக்குப் பார்வை இருக்கிறது. மென்பொருள் எழுதுகிற வேலை. இதையெல்லாம் படித்துவிட்டு நேற்று ராத்திரி மானிட்டரை அணைத்து, என்விடிஏ போட்டு, நாங்கள் செய்த ஸ்டாக் மென்பொருளில் உட்கார்ந்தேன். கால் மணி நேரத்தில் சேமிக்கும் இடத்துக்கே போக முடியவில்லை. எண்ணிப் பார்த்தால் பேரில்லாத பொத்தான் 23. அதில் பாதிக்கு மேல் நானே எழுதியது. இன்று மதியம் உட்கார்ந்தேன், டீ வருவதற்குள் எல்லாவற்றுக்கும் பேர் வைத்தாகிவிட்டது. அவ்வளவுதான் வேலை, இத்தனை வருடம் செய்யவில்லை.

திருப்பூரிலிருந்து

ரொம்ப சந்தோசமுங்க தம்பி. குப்பைத்தொட்டிக்கு என்ன பேர் வைத்தீர்கள்? வெறும் "அழி" என்றால் இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள். பட்டியலில் இருபது பில் இருந்தால் இருபது தடவை "அழி, அழி" என்றுதான் கேட்கும். பில் எண்ணையும் அதோடு சேர்த்துவிடுங்கள்.