60 என்று அழுத்தினேன், 54 பாகைக்குக் கணக்கு வந்தது

உறுப்பினர் 1 (முன்னாள் தோட்டக் கிராணி, சுங்கை சிப்புட்)

எங்கள் வட்டாரத் தோட்டம் ஒன்றில் பால்மரங்களை (ரப்பர் மரங்களை) அழித்துவிட்டுச் செம்பனை நடத் தொடங்கியபோது, முளைக்குச்சி அடிக்கும் குழுவுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. மரத்துக்கு மரம் 9 மீட்டர் விட்டு முக்கோண முறையில் நடுவதால் ஒவ்வொரு மூலையும் 60 பாகை ஆகும். 9-ஐ 60 பாகையின் சைன் மதிப்பால் பெருக்கினால் வரிசைக்கும் வரிசைக்கும் உள்ள தூரம் கிடைத்துவிடும். கணிப்பான் 7.28 மீட்டர் என்று காட்ட, நானும் அதே அளவுக்குக் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

மூன்று வரிசை முடிந்த நேரத்தில், மண்டோர் மாமா தம் பழைய 9 மீட்டர்க் கயிற்றைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்து, "தம்பி, முக்கோணம் சப்பையா இருக்கே" என்றார். சாய்ந்த பக்கம் 8.56 மீட்டர்தான் இருந்தது. கணிப்பானைத் திருப்பிப் பார்த்தால், திரையின் ஓரத்தில் பாகைக்கு உரிய 'டி' எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் 'ஜி' நின்றது. முழுச் சுற்றை 400 ஆகப் பிரிக்கும் கிரேடு முறையின் குறி அது; அதில் 60 என்பது நம் கணக்கில் 54 பாகை. சரியான தூரம் 7.79 மீட்டர். கருவி, கோணத்தை அளக்கும் இன்னொரு முறையான ரேடியனில் இருந்திருந்தால் கழித்தல் குறியோடு 2.74 என்று வந்து என்னை உடனே விழிக்க வைத்திருக்கும். ஏறக்குறையச் சரியாகத் தெரிந்த விடைதான் என்னை ஏமாற்றியது. குச்சிகளை வெயிலில் பிடுங்கி மீண்டும் அடித்தோம். அன்றுமுதல் 30-இன் சைன் 0.5 என்று வந்த பிறகே வேறு கணக்கைத் தொடுகிறேன்.

உறுப்பினர் 2 (ஆசிரியை)

ஐயா, எனக்கு ரேடியன் புரிந்ததே பால்மரத்தால்தான். படிவம் 5-இல் கூடுதல் கணிதம் படித்தபோது, வில்லின் நீளம் காண ஆரத்தைக் கோணத்தால் பெருக்க வேண்டும் என்ற சூத்திரத்தில் 180 பாகையை அப்படியே போட்டுவிட்டேன். 8 செண்டிமீட்டர் ஆரம் உள்ள மரத்தைப் பாதி சுற்றும் வெட்டுக்கு 1440 செண்டிமீட்டர் என்று விடை வந்தது. பால் வெட்டி எங்களை வளர்த்த அப்பா அதைப் பார்த்து, "14 மீட்டர் வெட்டினா மரம் எங்கம்மா நிக்கும்?" என்று சிரித்தார். 180 பாகை என்பது பை ரேடியன், அதாவது சுமார் 3.14, அதைப் போட்டால் 25 செண்டிமீட்டர் வருகிறது. ஒட்டு மரத்தில் வெட்டு 30 பாகை சரிந்து இறங்குவதால், கத்தி ஓடும் நீளம் அதைவிடச் சற்று மிகும் என்பதையும் அப்பாவே தகரத் தகட்டை மரத்தில் வைத்துக் காட்டினார்.

உறுப்பினர் 3 (நில அளவை உதவியாளர்)

என் அனுபவம் சிறியது. 12 பாகை 30 நிமிடம் என்று கருவியில் படித்ததை 12.30 என்று தட்டிவிட்டேன்; 30-ஐ 60-ஆல் வகுத்து 12.5 என்று போட்டிருக்க வேண்டும். 12 நிமிட வேறுபாடுதானே என்று தோன்றும், ஆனால் 100 மீட்டர் தள்ளி நட்ட எல்லைக்கல் ஏறத்தாழ 35 செண்டிமீட்டர் விலகி, பக்கத்து வீட்டுக்காரரின் வாழைக்கன்றுகளுக்கு நடுவில் போய் நின்றது.