38 வயது லிபரோவை எதற்கு எடுக்கிறார்கள்? இத்தாலி பெண்கள் கைப்பந்து அணியை வைத்து ஒரு கேள்வி

நாலாம்நம்பர் எழுதியது:

2025 செப்டம்பரில் பாங்காக்கில் துருக்கியை 3-2 என்று வென்று இத்தாலி பெண்கள் அணி உலக சாம்பியன் ஆனதே, அந்த அணியின் லிபரோ, அதாவது பின்வரிசையில் பந்தைக் காக்க மட்டுமே நிற்கும் ஆட்டக்காரர், மோனிகா டி ஜென்னாரோவுக்கு வயது 38. அதற்குப் பிறகுதான் தேசிய அணியிலிருந்து விலகினார். நான் எப்போதும் இளையவர்கள் கட்சி. ஒரு ஒலிம்பிக் முடிந்ததும் பழைய ஆட்களுக்கு மாலை போட்டு அனுப்பிவிட்டு அடுத்த நாலு வருடத்துக்குப் புது அணி கட்ட வேண்டும் என்று நண்பர்களிடம் சண்டை போடுகிறவன்.

அதனால்தான் 2023-இல் அப்போதைய இத்தாலி பயிற்சியாளர் டாவிடே மட்சாந்தி ஐரோப்பிய சாம்பியன்ஷிப் அணியிலிருந்து டி ஜென்னாரோ, கத்தரீனா பொசெத்தி, கிறிஸ்டினா கிரிகெல்லா மூன்று பேரையும் கழற்றிவிட்டபோது எனக்கு நியாயமாகவே பட்டது. ஆனால் நடந்தது என்ன? அரையிறுதியில் துருக்கியிடம் 2-3, வெண்கல ஆட்டத்தில் நெதர்லாந்திடம் 0-3, நாலாம் இடம். அடுத்து வந்த ஒலிம்பிக் தகுதிச் சுற்றிலும் நேரடியாக இடம் கிடைக்கவில்லை. மட்சாந்தி போனார், எழுபதைத் தாண்டிய ஹூலியோ வெலாஸ்கோ வந்தார், டி ஜென்னாரோவையும் பொசெத்தியையும் திரும்பக் கூப்பிட்டார், 2024 ஆகஸ்டில் பாரிஸில் தங்கம். அதுவும் தொடர் முழுக்க ஒரே ஒரு செட்டைத்தான் விட்டார்கள், முதல் ஆட்டத்தில் டொமினிக்கன் குடியரசிடம்.

கேள்வி இதுதான். இது அனுபவத்தின் வேலையா, வெலாஸ்கோவின் வேலையா? தேசிய அணிக்கு ஆள் எடுக்கும்போது அனுபவம் என்று எதைப் பார்க்கிறார்கள்? எத்தனை ஆட்டம் ஆடியிருக்கிறார் என்பதையா? அப்புறம் வெளியே காத்திருக்கும் 22 வயதுப் பெண்ணுக்கு யார் பதில் சொல்வது?

——

பின்வரிசை ரசிகன்:

முதலில் எல்லோரையும் வயது என்ற ஒரே கோலால் அளப்பதை விடுங்கள். கைப்பந்தில் ஒவ்வொரு இடத்துக்கும் உடம்பு தேய்கிற வேகம் வேறு. லிபரோ குதித்து அடிக்கப்போவதில்லை, வலைக்கு மேலே கை நீட்டி எதிரணி அடியைத் தடுக்கும் பிளாக்குக்கும் போகப்போவதில்லை, விதிப்படியே கூடாது. அவருக்கு இருப்பது இரண்டு வேலை, சர்வீஸை எடுப்பது, எதிரணி அடியைத் தரையில் விழாமல் தூக்குவது. மைதானமே 18 மீட்டர், நல்ல ஜம்ப் சர்வீஸ் எதிர்ப்பக்கம் வந்து சேர ஒரு விநாடிகூட ஆகாது. பந்து கையை விட்டுப் போன பிறகு யோசிப்பவர் ஏற்கெனவே தாமதம். சர்வீஸ் போடுபவர் பந்தை எங்கே தூக்கிப் போடுகிறார், தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைப் பார்த்தே நல்ல லிபரோ நகர்ந்திருப்பார். இந்தக் கண் 37 வயதில் மங்குவதில்லை, இன்னும் கூர்மையாகிறது.

இதை அறிக்கையில் பார்த்துக் கண்டுபிடிப்பதும் கஷ்டம். இப்போது பெரிய தேசிய அணிகளில் புள்ளிவிவரத்துக்கு ஒரு ஆள் உட்கார்ந்து டேட்டா வாலி மென்பொருளில் ஒவ்வொரு தொடுதலையும் பதிகிறார், பாஸ், அட்டாக்கருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டருக்குச் சரியாகப் போனதா, ஓரளவு போனதா, வீணானதா என்று. ஆனால் லிபரோ நல்லவர் என்று தெரிந்தால் எதிரணி அவர் பக்கமே சர்வீஸ் போடாது! அப்போது அவர் எடுத்த பந்துகள் குறைவாகத் தெரியும். அவர் கூடுதலாக இரண்டு எட்டு இடத்தைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்வதால் பக்கத்தில் நிற்கும் அட்டாக்கர் பாஸைப் பற்றிக் கவலைப்படாமல் அடிக்க ஓடுகிறாரே, அது எந்தக் கட்டத்திலும் ஏறாது. பாஸ் வலைக்குப் பக்கமாக விழுந்தால் இத்தாலி செட்டர் அலெசியா ஓரோ நடுவில் நிற்கும் தனேசிக்கோ ஃபாருக்கோ வேகமாகத் தூக்கலாம், எதிரணியின் நடு பிளாக்கர் அங்கேயே மாட்டிக்கொள்வார், ஓரத்தில் முதன்மை அட்டாக்கர் எகோனு ஒற்றை பிளாக் மேல் அடிப்பார். ஸ்கோர்போர்டில் எகோனுவின் புள்ளி மட்டும் ஏறும்.

இன்னொன்று, ஒலிம்பிக்கில் பட்டியல் 12 பேர்தான். உலக சாம்பியன்ஷிப்பில் 14. 12 பேர் என்றால் பெரும்பாலான அணிகள் ஒரே ஒரு லிபரோவோடுதான் போகின்றன, அவர் தடுமாறினால் மாற்ற ஆள் இல்லை. அந்த ஒரு நாற்காலிக்கு யாரைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

——

சியோல்வாசி:

மேலே சொன்னவர் லிபரோவை வைத்துச் சுலபமாக ஜெயித்துவிட்டார். அனுபவத்தையே நம்பி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கொரியாவைப் பாருங்கள்.

கிம் யோன் கியோங் என்ற ஒரு ஆள் மேல் பத்து வருடத்துக்கு மேல் அணியைச் சாய்த்து வைத்திருந்தார்கள். 2012 லண்டனில் அணி நாலாவதுதான் வந்தது, ஆனால் தொடரின் சிறந்த வீராங்கனை விருது கிம்முக்கு. 2021-இல் நடந்த டோக்கியோவிலும் நாலாம் இடம், ஜப்பானையும் துருக்கியையும் ஐந்து செட்டில் கவிழ்த்து ஊரே தூங்காமல் பார்த்த தொடர். அது முடிந்ததும் கிம், யாங் ஹ்யோ ஜின், கிம் சூ ஜி மூன்று பேரும் தேசிய அணியிலிருந்து விலகிவிட்டார்கள்.

நாடுகள் ஆண்டுதோறும் மோதும் நேஷன்ஸ் லீக்கில் 2022-இல் 12 ஆட்டம், 12 தோல்வி. 2023-இல் மறுபடி 12-க்கு 12. ஹாங்சோ ஆசிய விளையாட்டில் பதக்கம் இல்லை. 2024 மே மாதம் தாய்லாந்தை வென்றபோதுதான் அந்த லீக்கில் 30 ஆட்டத் தொடர் தோல்வி நின்றது. பாரிஸுக்குத் தகுதி இல்லை. 2025-இல் லீக்கை விட்டே கீழே இறக்கப்பட்டார்கள். டோக்கியோவில் நாலாவது வந்த அணி சார் இது!

கிம்மை எடுத்தது தவறு என்று சொல்லவில்லை, அவரை எடுக்காமல் இருக்க யாருக்கும் தைரியம் வராது, வரவும் கூடாது. கோளாறு கொரியாவின் உள்நாட்டு கிளப் லீக்கில் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு கிளப்பும் வெளிநாட்டு வீராங்கனையை வைத்துக்கொள்ளலாம், பெரும்பாலும் அந்த இடம் எதிர்மூலை அட்டாக்கருக்குத்தான் (செட்டருக்கு எதிர்மூலையில் நின்று அதிகம் அடிப்பவர்) போகும், கடைசி நேரப் பந்தெல்லாம் அவருக்குத்தான். உள்ளூர்ப் பெண் 23-23-இல் உயரமான பந்தை இரண்டு பிளாக்கர் மேல் அடித்தே பழகியிருக்க மாட்டார். திடீரென்று தேசிய அணியில் அந்தப் பந்து வந்தால் என்ன செய்வார்?

——

வலைக்கு இந்தப் பக்கம்:

நான் உடற்கல்வி ஆசிரியை, பள்ளி அணிக்கு ஆள் எடுக்கும்போதே இந்தத் தலைவலி உண்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை என்பதற்காக மட்டும் எடுக்கச் சொல்லி வந்து நிற்பார்கள். அது சீனியாரிட்டி, அனுபவம் இல்லை.

இத்தாலியையே எடுத்துக்கொள்ளுங்கள். எகோனுவும் ஓரோவும் 1998-இல் பிறந்தவர்கள். பாரிஸில் இருவருக்கும் 25, 26 வயது. ஆனால் 2016 ரியோ ஒலிம்பிக்கிலேயே ஆடிவிட்டார்கள், எகோனுவுக்கு அப்போது 17! அந்தத் தொடரில் இத்தாலி காலிறுதிக்குக்கூடப் போகவில்லை. அதற்கு முன்னால் இருவரும் கிளப் இத்தாலியா என்று சம்மேளனமே நடத்தும் இளையோர் அணியில் இருந்தார்கள். அந்த அணியை முதல் பிரிவு லீக்கில் இறக்கிவிட்டு, வாரா வாரம் முப்பது வயது ஆட்களிடம் அடி வாங்க விட்டார்கள். தோற்றாலும் பரவாயில்லை, கடைசிப் பந்து இவர்கள் கைக்குத்தான் வரும். அப்படி வளர்ந்தவர்கள் 25 வயதில் அனுபவசாலிகள். சியோல்வாசி சொன்ன கொரியப் பெண்களுக்குக் கிடைக்காதது இதுதான்.

அதனால் நாலாம்நம்பர் தம்பி, “பழையவர்களா புதியவர்களா” என்ற கேள்வியையே நான் ஏற்க மாட்டேன். பாரிஸ் அணியில் 37 வயது டி ஜென்னாரோவும் இருந்தார், 2003-இல் பிறந்த அட்டாக்கர் அன்ட்ரோபோவாவும் இருந்தார்.

பின்வரிசை ரசிகனுக்கும் ஒரு வார்த்தை. லிபரோவுக்கு மட்டும் வயது தெரியாது என்பது முழுசாகச் சரியில்லை. துருக்கி கேப்டன் எடா எர்டெம் நடு பிளாக்கர், ஒவ்வொரு பந்துக்கும் குதித்தாக வேண்டிய இடம். பாங்காக் இறுதி ஆட்டத்தில் அவருக்கும் 38. பிரேசிலின் கரோல் கட்டாஸ் தன் முதல் ஒலிம்பிக்கை ஆடியது டோக்கியோவில், போட்டி நடந்துகொண்டிருந்தபோதே 40 முடிந்தது, வெள்ளியோடு திரும்பினார். அவரும் நடு பிளாக்கர்தான்.

——

சுற்றுமாற்றம்:

பெயரைப் பார்த்து எடுத்தால் மாட்டிக்கொள்வோம் என்பதற்குச் சீனா நல்ல உதாரணம், ஒரே பயிற்சியாளர், இரண்டு ஒலிம்பிக். 2016 ரியோவில் பயிற்சியாளர் லாங் பிங்கின் அணி குழுச் சுற்றில் 5-இல் 3 ஆட்டம் தோற்றது. பிறகு காலிறுதியில் பிரேசிலை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று தூக்கி, அப்படியே தங்கம் வரை போனார்கள். அந்த அணியின் கேப்டன் ஹுய் ருவோசி அதே ஆண்டு இதய சிகிச்சை செய்துகொண்டு வந்தவர், இறுதி ஆட்டத்தின் கடைசிப் புள்ளியும் அவருடையது.

ஐந்து வருடம் கழித்து டோக்கியோவுக்கு ரியோவின் முக்கியமான ஆட்கள் பலரை லாங் பிங் கூட்டிக்கொண்டு போனார். ஆனால் முதன்மை அட்டாக்கர் ஜு டிங்குக்கு மணிக்கட்டில் காயம். துருக்கியிடம் 0-3, அமெரிக்காவிடம் 0-3, ரஷ்யர்களிடம் 2-3, முதல் மூன்று ஆட்டத்திலேயே கதை முடிந்தது, குழுச் சுற்றோடு வீடு. காகிதத்தில் பார்த்தால் அந்தத் தொடரின் அனுபவமான அணிகளில் ஒன்று. அனுபவம் எல்லாம் இருந்தது, உலகத்தின் சிறந்த அட்டாக்கரின் வலது கைதான் இல்லை. தேர்வுக் குழுவில் மருத்துவர் சொல்வதற்கு எத்தனை மதிப்பு என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். பழைய சாதனைக்கு மரியாதை கொடுத்து ஒருவரை எடுப்பது நம் ஆட்களுக்கு மட்டும் உள்ள பழக்கம் என்று நினைக்காதீர்கள்.

——

நாலாம்நம்பர்:

எல்லோருக்கும் நன்றி. லிபரோ விஷயம் புரிகிறது, 12 பேர் கணக்கும் புரிகிறது. ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. 2023-இல் டி ஜென்னாரோ இடத்தில் இறங்கிய எலெயோனோரா ஃபெர்சினோவை யோசித்துப் பாருங்கள். ஒரு தொடரில் அணி நாலாவது வந்ததும் “பார், பெரியவள் இல்லாமல் முடியவில்லை” என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அந்தத் தொடரில் சறுக்கியது லிபரோ மட்டுமா? எகோனுவையே பெஞ்சில் உட்கார வைத்த தொடர் அது, அணிக்குள் அவ்வளவு புகைச்சல். பழி மட்டும் இளையவர் மேல்.

——

பின்வரிசை ரசிகன்:

பழி யார் மேல் என்று கேட்டால் நான் மட்சாந்தி மேல்தான் போடுவேன். ஒரே தொடரில் லிபரோவையும் பாஸ் எடுக்கும் முக்கிய அட்டாக்கர் பொசெத்தியையும் சேர்த்து நீக்கினால் வருகிற புதுப் பெண் யாரைப் பார்த்து நிற்பாள்? பக்கத்தில் இருப்பவரும் புதுசு. ஒருவரை மாற்று, மற்றவரை வைத்துக்கொள், அடுத்த வருடம் அவரை மாற்று, இதுதான் முறை. 2021-இல் இதே மட்சாந்தி ஐரோப்பியப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர், கைப்பந்து தெரியாதவர் இல்லை. ஆனால் அவசரப்பட்டார்.

வெலாஸ்கோ திரும்பக் கூப்பிட்டதில் வேறொரு கணக்கும் இருந்திருக்கும் என்பது என் ஊகம். 2023-24 சீசனில் எகோனு, ஓரோ, சில்லா மூன்று பேரும் மிலான் கிளப்பில் ஒன்றாக ஆடினார்கள். டி ஜென்னாரோ, ஃபார், லூபியன் மூவரும் கொனேலியானோவில். தேசிய அணிக்குச் சேர்ந்து பயிற்சி செய்யக் கிடைப்பது கோடைகாலம் மட்டும்தான், அதில் செட்டரும் அட்டாக்கரும் பழகிக்கொள்ளவே பாதி போய்விடும். ஏற்கெனவே பழகியவர்களை இரண்டு கொத்தாக எடுத்துக் கோத்துவிட்டால் அந்தப் பாதி மிச்சம். ஒருவர் தனியாக எத்தனை ஆட்டம் ஆடினார் என்பதைவிட யாரோடு சேர்ந்து ஆடினார் என்பதை நான் அதிகம் மதிப்பேன்.

——

வலைக்கு இந்தப் பக்கம்:

பெஞ்சைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பாரிஸில் வெலாஸ்கோ அடிக்கடி ஓரோவையும் எகோனுவையும் ஒரே நேரத்தில் வெளியே எடுத்து, மாற்று செட்டர் காம்பியையும் அன்ட்ரோபோவாவையும் உள்ளே விடுவார், ஆட்டக்காரர்கள் இடம் சுழன்று சுற்று திரும்பியதும் மறுபடி மாற்றுவார். அன்ட்ரோபோவா வேறு எந்த நாட்டிலும் முதல் ஆறில் நிற்கக்கூடியவர். அவரைச் சில நிமிடங்களுக்காக உட்கார வைப்பதும், எகோனு அளவுக்குப் பெயர் எடுத்தவரை இறுதி ஆட்டத்திலும் முகம் சுளிக்காமல் வெளியே வரவைப்பதும் சின்ன வேலை இல்லை. அனுபவசாலியை எடுக்கும் முன் அவர் உட்காரவும் தயாரா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். உட்கார மறுக்கிற பெரிய பெயரை நானாக இருந்தால் வீட்டிலேயே விட்டுவிடுவேன்.

ஃபெர்சினோ பற்றிய உங்கள் வருத்தத்துக்குப் பதில் பாங்காக் பட்டியலிலேயே இருக்கிறது தம்பி. 14 பேர் அணியில் டி ஜென்னாரோவோடு அவரும் இருந்தார், உலக சாம்பியன் பதக்கம் அவர் கழுத்திலும் இருக்கிறது.

——

நாலாம்நம்பர்:

இருந்தார் சரி, எவ்வளவு ஆடினார் என்பதுதான் என் சண்டை அக்கா. 2026 ஐரோப்பிய சாம்பியன்ஷிப் வருகிறதே, டி ஜென்னாரோ இல்லாத அணி. சர்வீஸ் எல்லாம் லிபரோவைத் தேடி வருகிறதா, ஒதுங்கிப் போகிறதா என்று எண்ணிக்கொண்டே பார்க்கப் போகிறேன், எண்ணிக்கையை இங்கேயே போடுகிறேன்.