ஹோம் கேர் விசிட்: வீட்டுக்கு வீடு போற நேரத்துக்கும் வண்டிச் செலவுக்கும் என்ன கேட்கலாம்?

வில்லியனூர்_நர்ஸ்: பாண்டியில ஏஜென்சி வேலை, விசிட்டுக்கு இவ்வளவுன்னு சம்பளம். லாஸ்பேட்டையில டிரெஸ்ஸிங், அரியாங்குப்பத்துல கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) மாத்தறது, பாகூர்ல ரைல்ஸ் ட்யூப் (மூக்கு வழியா சாப்பாடு போற குழாய்). சொந்த ஸ்கூட்டி. நடுவுல ஓடுற நேரத்துக்குக் காசில்லை, பெட்ரோலுக்கு மாசம் 1,500. கி.மீ.க்கு எவ்வளவு கேட்டா நியாயம்?

மஞ்சை_மெக்கானிக்: பெட்ரோலை மட்டும் பார்க்காதீங்க மேடம். லிட்டர் 100னு வைங்க (பாண்டியில கொஞ்சம் கம்மி), ஊருக்குள்ள 40 மைலேஜ்: 2.50 ரூபாய். டயர் ஜோடி 3,600, ஓடறது 20,000 கி.மீ.: 18 காசு. 3,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயிலோட சர்வீஸ் 900: 30 காசு. பெல்ட், ரோலர், பிரேக் ஷூ 20 காசு. 90,000க்கு வாங்கின வண்டி 70,000 கி.மீ. ஓடி 20,000க்குப் போனா தேய்மானம் 1 ரூபாய். மொத்தம் 4.18, இன்சூரன்ஸ் சேர்க்காம. தினம் 40 கி.மீ., 26 நாள்னா 4,350 கிட்ட வரும். 1,500 பெட்ரோலுக்கே பத்தாது.

லேபர்_கணக்கு: நேரத்தைத் தனியா கேளுங்க. வீட்ல இருந்து முதல் பேஷண்ட் வரைக்கும் கேட்டா தர மாட்டாங்க. பேஷண்ட் டு பேஷண்ட் கேட்கலாம். பிரிட்டன்ல 2015 குறைந்தபட்ச ஊதிய விதிகளும் அப்படித்தான் பிரிக்குது. நோட்ல ஒவ்வொரு விசிட்டுக்கும் உள்ளே போன நேரம், கிளம்பின நேரம், ஓடோமீட்டர் எழுதி, அன்னிக்கே சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்ல போட்டுடுங்க. மாசக் கடைசியில உட்கார்ந்து எழுதின கணக்கை யாரும் நம்ப மாட்டாங்க. மேப் 25 நிமிஷம்னு காட்டும், கடலூர் ரோட்டுல ரயில்வே கேட் போட்டா அதுக்கு மேல ஆகும், காரணத்தையும் குறிங்க.

வில்லியனூர்_நர்ஸ்: வண்டி அலவன்ஸை ஏத்திட்டு பேசிக்கை (அடிப்படைச் சம்பளத்தை) குறைக்கறேன்னு ஏஜென்சி சொன்னா?

லேபர்_கணக்கு: ஒத்துக்காதீங்க. கன்வேயன்ஸ் (போக்குவரத்துப் படி) 'ஊதியம்'ல சேராது, அதனால பி.எஃப். குறையும். புது ஊதியச் சட்டத்தொகுப்புல (21.11.2025 முதல் அமல்) இப்படி விலக்கற தொகை மொத்தச் சம்பளத்துல பாதியைத் தாண்டினா, தாண்டினது ஊதியமாவே கணக்காகும். ஆனா பாதிக்குள்ள நிறுத்திட்டா நஷ்டம் உங்களுக்குத்தான்.

ஓடி_கடலூர்: விபத்தை யாரும் கேட்கலையே? சம்பளம் 21,000க்குள்ள இருந்தா இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கறாங்களான்னு சம்பள ஸ்லிப்ல பாருங்க. வேலைக்குப் போற வழி விபத்தும் வேலை விபத்துதான்: 2010 திருத்தத்துல பழைய இ.எஸ்.ஐ. சட்டத்துல 51இ பிரிவா வந்த விதி. ஏஜென்சி இ.எஸ்.ஐ.க்கு விபத்து அறிக்கை (படிவம் 12) அனுப்பணும்; தாமதிச்சா 'சொந்த வேலையா போனார்'னு பேச்சு வரும், அப்ப அந்த வாட்ஸ்அப் நோட்டுதான் சாட்சி. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் இருந்தா உங்க வண்டி ரிப்பேருக்கு ஒரு பைசா வராது. 15 லட்சம் பி.ஏ. கவர் (ஓட்டறவருக்கான விபத்துக் காப்பீடு) இருக்கான்னும் பாருங்க. அது வண்டி யார் பேர்ல இருக்கோ அவங்க ஓட்டினாத்தான். வீட்டுக்காரர் பேர்ல வண்டின்னா உங்களுக்குக் கிடைக்காது.