ஊமத்தை விதை தின்றவருக்கு மருத்துவமனை விடுதியில் நாங்கள் செய்தவை

இலங்கையின் வன்னியில் நஞ்சு உட்கொண்டவர் என்று யாரையாவது கொண்டுவந்தால், தாதியரான எங்கள் நினைவு முதலில் வயலுக்கு அடிக்கும் மருந்தின் பக்கமே போகும். ஓகனோபொஸ்பேற்றுக் கிருமிநாசினியைக் குடித்தவருக்குக் கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கும்; எச்சில் வழியும்; உடல் வியர்வையில் நனையும்.

முல்லைத்தீவுப் பக்கமிருந்து இரவில் கொண்டுவரப்பட்ட இளைஞனிடம் எல்லாமே மறுதலையாக இருந்தன. கண்மணி அகன்றிருந்தது, நாக்கு வறண்டிருந்தது, தோல் வியர்வையின்றிக் கொதித்தது, நாடி விரைந்து ஓடியது. அவன் காற்றில் இல்லாத நூலைப் பிடுங்கியபடி அங்கே இல்லாத ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தான். பேய்க்குழப்பம் என்று எண்ணிய வீட்டார் திருநீறு போடுவித்துத் தேசிக்காய்ச் சாறும் பருக்கியிருந்தார்கள். அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை; ஆயினும் நினைவு குழம்பியவருக்கு எதைப் பருக்கினாலும் அது சுவாசப்பைக்குள் இறங்கக்கூடும்.

போதைக்காக ஊமத்தை விதையைத் தின்றதாக அவனுடைய நண்பன் அழுதழுது சொன்னான். அந்த ஒரு சொல்லின் பெறுமதி பெரிது. ஊமத்தையில் இருப்பவை அற்றோபின், ஹயோசின் என்னும் நச்சுப்பொருள்கள். கிருமிநாசினி நஞ்சுக்கு நாங்கள் ஊசியாக ஏற்றுவதும் அதே அற்றோபின்தான். உண்மையை மறைத்து "மருந்து குடித்துவிட்டான்" என்று யாராவது சொல்லியிருந்தால், நஞ்சுக்கு மேல் நஞ்சை ஏற்றும் ஆபத்து நேர்ந்திருக்கும். ஆகவே பொலிசுக்கோ பெற்றோருக்கோ அஞ்சி மறைக்காமல், தின்ற காயின் மிச்சத்தையும் கையோடு கொண்டுவாருங்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் நோயாளர் காவு வண்டி கட்டணமின்றி வரும்.

மருத்துவர் இரத்தச் சீனியையும் ஈசிஜியையும் பார்த்து, அமைதிப்படுத்தும் மருந்தான டயசிபாமை நாளத்தின் வழியே சிறிது சிறிதாக ஏற்றச் சொன்னார். நாங்கள் சேலைன் ஏற்றி, ஈரத்துணியால் உடலைத் துடைத்து, மின்விசிறியைப் போட்டோம். அப்படியும் அவன் திமிறினான். அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தபோது சிறுநீர்ப்பை புடைத்திருந்தது. இந்த நஞ்சு சிறுநீரை அடைத்துவிடும், குழம்பியவரால் அந்த வேதனையைச் சொல்ல முடியாது. குழாய் இட்டுச் சிறுநீரை வெளியேற்றியதும் பாதித் திமிறல் அடங்கியது. கட்டிலோடு கட்டிவைப்பதைவிட, சத்தமில்லாத மூலையில் தாயைப் பக்கத்தில் இருத்திப் பெயர் சொல்லிப் பேசவைத்ததே மீதியை அடக்கியது என்பது என் உறுதியான எண்ணம். இந்த நஞ்சை முறிக்கப் பைசோஸ்திக்மின் என்னும் மாற்றுமருந்து உண்டு. எனினும் பெரும்பாலானோர் இத்தகைய பராமரிப்பினாலேயே தேறிவிடுகிறார்கள்.

நினைவு தெளிந்த பின்னும் அவனுடைய கண்மணி விரிந்தே இருந்தது. சில நாள்களுக்கு வெயிலில் கண் கூசும், கிட்டப் பார்வை மங்கலாக இருக்கும் என்பதால், பார்வை சீராகும்வரை மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூடாது என்று தாயிடமும் அவனிடமும் சொல்லி அனுப்பினோம்.