அப்பாவின் சோடா மெஷினும் கடைக்காரரின் ஃபிரிட்ஜும்

கடலூர் ஓ.டி.:
ஓ.டி. என்கிற கடலூர் முதுநகரில் எங்கள் அப்பா முப்பது வருஷம் கோலி சோடா கம்பெனி நடத்தினார். கம்பெனி என்றால் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை, கையால் சுற்றும் மெஷின், கேஸ் சிலிண்டர், அவ்வளவுதான். பெட்டிக்குள் பாட்டிலை வைத்துத் தலைகீழாகச் சுற்றும்போது கோலி வந்து கழுத்து ரப்பரில் ‘டக்’கென்று உட்காரும். அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் தினமும் கண் விழித்தோம்.

1993-ல் பார்லே தன் தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட்டை வெளிநாட்டுக் கம்பெனிக்கு விற்றபோதுகூட அப்பா பயப்படவில்லை. “பன்னீர் சோடா ருசி அவங்களுக்கு வருமா?” என்பார். வரவில்லைதான். ஆனால் எங்களை வீழ்த்தியது ருசி இல்லை, ஃபிரிட்ஜ். ஒரு வெளிநாட்டு பிராண்டின் ஏஜென்சி நாங்கள் சோடா போடும் கடைகளுக்கெல்லாம் இலவசமாக ஃபிரிட்ஜ் இறக்கியது. வேறு சரக்கு உள்ளே வைக்கக் கூடாது என்பது பேச்சு. எங்கள் சோடாப் பெட்டி வெயிலில் வாசலில் கிடந்தது. சூடான சோடாவை யார் வாங்குவார்கள்?

2017 மார்ச் 1 முதல் வெளிநாட்டுக் குளிர்பானம் விற்கமாட்டோம் என்று தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அறிவித்தன. எங்களை விட்டுப்போன கடைக்காரர்கள் வீடு தேடி வந்தார்கள். அப்பாவிடம் பாட்டில் இல்லை. 2011 தானே புயலில் கொட்டகை சரிந்து பாதிக்குமேல் உடைந்திருந்தது. பெரிதாக முதல் போட்டு மறுபடி தொடங்கலாமா என்று யோசித்தோம். அதே வருஷம் ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. பதிவு எடுத்தால் சர்க்கரை போட்ட சோடாவுக்கு அப்போது 28 சதவீத வரி, மேலே 12 சதவீத செஸ் என்ற கூடுதல் வரி. உலகக் கம்பெனிக்கும் அதே வரி, எங்கள் கொட்டகைக்கும் அதே வரி. இது எந்த நியாயம்?

முத்தியால்பேட்டை:
அண்ணே, புதுச்சேரியில் அப்படி ஃபிரிட்ஜ் வாங்கிய கடைக்காரன் நான். மோர் பாக்கெட் வைத்ததற்கே ஏஜென்சி ஆள் சத்தம் போட்டார், கரண்ட் பில் மட்டும் என் தலையில். ஆனால் அதற்கு முன் என்னிடம் இருந்தது தெர்மாகோல் ஐஸ் பெட்டிதான். அந்த ஃபிரிட்ஜ் வந்த பிறகுதான் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் கடன் வாங்காமல் கட்டினேன், அதையும் சொல்லத்தான் வேண்டும். போன வருஷம் சொந்தமாக செகண்ட் ஹேண்ட் ஃபிரிட்ஜ் ஒன்று போட்டேன். வில்லியனூர் பக்கம் ஒரு தம்பி போடும் பன்னீர் சோடாவை அதில் வைக்கிறேன். சாயங்காலம் முதலில் காலியாவது அதுதான்.

கடலூர் ஓ.டி.:
அந்தத் தம்பிக்கு மெஷின் வேண்டுமா என்று கேளுங்கள் அண்ணே. அப்பா இன்னும் எண்ணெய் போட்டுத் துடைத்துத்தான் வைத்திருக்கிறார்.